கோச்சி ரோட்டில் பாண்பெட்டி சைக்கிள்

செல்லசாமிக்கு அந்த யோசனை வந்ததற்கு இரண்டு வெள்ளைக்காரர்கள்தான் காரணம்.

சண்டை நின்று, வெள்ளைக்காரர்கள் மறுபடியும் மலைக்கு வர ஆரம்பித்த வருஷம் அது. கந்தப்பளையில் ஃபெக்டரி வேலை முடிந்து செல்லசாமி தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். எதிரே ரெண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். அரைக் காற்சட்டை, தலையில் சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு தொப்பி. தார் ரோட்டில் வந்தாலும் பரவாயில்லை. தேயிலைக்கு நடுவே பழைய கோச்சி ரோட்டில் வந்தார்கள். அந்தக் காலத்தில் நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்கும், அதைத் தாண்டிக் கீழேயும் சின்னக் கோச்சி ஒன்று ஓடியதாம். செல்லசாமி பிறப்பதற்கு முன்பே கோச்சியை நிறுத்தி, தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ரோடு மட்டும் கிடக்கிறது. அதில் ஆடு மேயும், உடுப்பு காயும்.

"அநியாயம்" என்றார், காம்பராவுக்குள் கால் வைத்ததும்.

அவர் பெண்சாதி நாகலெட்சுமி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். என்ன அநியாயம் என்று கேட்கவில்லை. அவருக்கு வழியெல்லாம் அநியாயம்தான் கண்ணில் படும். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

"நம்ம ஆளுங்க மலைய வெட்டிப் போட்ட ரோடு புள்ள. எங்கயோ பொறந்தவன் அதுல காத்து வாங்கிக்கிட்டுப் போறான். இங்கயே பொறந்த நான், அந்த வளைவுக்கு அங்கிட்டு என்னா இருக்குன்னு பாத்ததில்ல. இது நாயமா?"

"நாயம் இல்லதாங்க."

"நானும் போகப்போறேன். சைக்கிள் வாங்கி. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும்."

மாவு பிசைந்த கை நின்றது.

ஏன் நின்றது என்று சொல்ல வேண்டும். நாகலெட்சுமியின் அம்மா பேச்சியம்மா இராகலைக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில் தனியாக இருக்கிறாள். லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம். முட்டைக்கோவா போடுவாள், கிழங்கு போடுவாள். கொத்திக் கொடுக்கத்தான் ஆளில்லை. "ஒரு ஞாயித்துக்கெழம வந்து கொத்திக் குடுத்துட்டு வாங்களேன்" என்று நாகலெட்சுமி கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள். செல்லசாமிக்கு ஆசைதான். பஸ்தான் ஒத்துக்கொள்ளாது. இராகலை பஸ்ஸில் ஏறினால் ரெண்டாவது வளைவிலேயே வாந்தி வந்துவிடும்.

அப்படித்தான் அவர் சொல்லி வைத்திருந்தார்.

ஆனால் ஏப்ரல் சீசனுக்குக் குதிரை ஓட்டம் பார்க்க நுவரெலியாவுக்குப் போனாரே, அதே மனிதர்தான். பஸ் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, ஒரு கையால் கடலை தின்றுகொண்டு போனார். திரும்பும்போதும் தின்றார். ஒரு ஏப்பம் கூட வரவில்லை. அவருடைய வாந்திக்கு எந்த பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று போர்டு வாசிக்கத் தெரியும் போல. இந்தச் சங்கதி வீட்டில் யாருக்கும் தெரியாது என்பது அவருடைய நினைப்பு.

அதனால் நாகலெட்சுமிதான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள். தானே ஒரு பாத்தி கொத்துவாள். பொழுது சாய இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவாள். செல்லசாமி கம்பளிக்குள் இருப்பார். கிழமை ஆறு நாளும் கொழுந்து எடுக்கிறவளுக்கு ஞாயிறு கிடையாது, கம்பளிக்குள் இருக்கிறவருக்கு ஞாயிறு உண்டு. இப்போது கொஞ்ச நாளாய் அந்த ஞாயிறுக்கும் ஆபத்து வந்திருந்தது. "தேசிக்காய மோந்துக்கிட்டே வாங்க" என்று எலுமிச்சையை நீட்டுகிறாள். "முன் சீட்டுல ஒக்காந்தா வராதாம்" என்கிறாள். வீட்டில் படுத்திருந்தால்தானே இந்தப் பேச்சு. சைக்கிளை எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டால் யாரைக் கேட்பாள்?

அதுவும் கோச்சி ரோடு இருக்கிறதே, அது லயத்துக்குப் பின்பக்கமாகப் புறப்படுகிறது. மாமியார் வீட்டு பஸ் வருவது முன்பக்கம். இதைவிடப் பொருத்தமான ரோடு எங்கே கிடைக்கும்?

"சைக்கிள்ல போனா ஒங்களுக்கு வாந்தி வராதுங்களா?" என்று கேட்டாள் நாகலெட்சுமி.

"அது எப்படி வரும்? மூஞ்சில காத்து அடிச்சுக்கிட்டே இருக்குமே. பஸ்ஸுக்குள்ள அடைச்சு வச்ச மாதிரியா?"

"எம்புட்டுத் தூரம் போனாலும்?"

"கொழும்பு வரைக்கும் போனாலும் வராது. சத்தியம்."

"அப்ப வாங்குங்க" என்றாள்.

செல்லசாமிக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. சண்டைக்கென்று நாலைந்து நல்ல பேச்சு யோசித்து வைத்திருந்தார். ஒன்றைக்கூடச் செலவழிக்க முடியவில்லை.

சைக்கிளையும் அவளே பார்த்து வைத்தாள். பேக்கரிப் பாணை லயம் லயமாக விற்கிற பாண்காரர் கணேசமூர்த்தி த்ரீவீல் எடுத்துவிட்டார். அவருடைய பழைய சைக்கிள் சும்மா நின்றது. பின்னால் ஆளே உட்காரலாம் போல ஒரு பெரிய தகரப் பெட்டி.

"இந்தப் பொட்டிய மொதல்ல கழட்டணும்" என்றார் செல்லசாமி. "வெள்ளக்காரன் சைக்கிள்ல இப்படி ஒரு சனியன் இல்ல."

"அது கெடக்கட்டுங்க. ரொட்டி கட்டித் தாரேன். மழ வந்தா நனைஞ்சிடும்ல."

என்ன பாசம் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் ஞாயிறு வந்தது. செல்லசாமி வளைவு வரைக்கும் மிதித்தார். வளைவுக்கு அங்கிட்டு என்ன இருக்கிறது என்று பார்த்தார். ஒரு சின்னப் பாலம், பக்கத்தில் நல்ல புல்லு, இளம் வெயில். அங்கேயே ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தார். பின்நேரம் மணி அடித்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பினார்.

பக்கத்துக் காம்பரா ஆண்டியப்பன் வாசலில் நின்றான். "கோச்சி எது வரைக்கும்ணே போச்சு?"

"ரொம்பத் தூரம். காடு, மலை, அருவி. ஒனக்குச் சொன்னாப் புரியாது."

"ரொம்பத் தூரம் போனவருக்குக் கன்னத்துல புல்லு அச்சு எப்படிணே விழுந்துச்சு?"

செல்லசாமி கன்னத்தைத் தடவிக்கொண்டே உள்ளே போனார். நாகலெட்சுமி இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகச் சொன்னாள்.

"விடுங்க. வெள்ளக்காரங்கதான் கடைசி வரைக்கும் போவாங்களாம். அங்க பழைய ஸ்டேசன் மேடை அப்படியே இருக்காம். நம்ம ஆளுங்களுக்கு ஏலாது."

"யாருக்கு ஏலாது?"

"யாரையும் சொல்லல. பொதுவாச் சொன்னேன்."

"அடுத்த ஞாயித்துக்கெழம அந்த மேடையில ஏறி நின்னுட்டு வரலேன்னா என் பேரு செல்லசாமி இல்ல. அநியாயமாப் பேசாத."

அடுத்த ஞாயிறு விடிந்ததும் ரொட்டிப் பொட்டலத்தோடு கிளம்பினார். பாலத்தைத் தாண்டினார். அப்புறம்தான் அந்த அதிசயம். மலையில் எந்த ரோட்டில் சைக்கிளை விட்டாலும் பாதித் தூரம் சைக்கிள் நம்மைச் சுமக்கும், பாதித் தூரம் நாம் சைக்கிளைச் சுமப்போம். இந்த ரோட்டில் ஏற்றமே இல்லை. கோச்சி மூச்சு வாங்காமல் போக வேண்டும் என்று, மலையைச் சுற்றிச் சுற்றி, வழுக்கினது தெரியாமல் வழுக்குகிற மாதிரி வெட்டி வைத்திருந்தார்கள். மிதிக்கவே வேண்டாம். செல்லசாமி காலைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் பள்ளம். கீழே லீக்ஸ் பாத்தியெல்லாம் சீப்பு வைத்து வாரின தலை மாதிரி இருந்தது. இவ்வளவு அழகையும் இத்தனை வருஷமாக யாருமே தனக்குக் காட்டவில்லையே என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது.

ஒரே ஒரு தொந்தரவுதான். பெட்டி.

ஒரு லயத்தைத் தாண்டும்போது பொம்பளைகள் கையைத் தட்டிக் கூப்பிட்டார்கள். "பாண்காரரே, நிப்பாட்டுங்க. ரெண்டு ராத்தல் குடுங்க."

"நான் பாண்காரன் இல்ல. ரோடு பாக்க வந்தவன்."

"ரோட்டப் பாக்க எதுக்குப் பொட்டி?"

இன்னொரு இடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு குசினியே கட்டியிருந்தார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த வீட்டு வாசலால்தான் போக வேண்டும். அந்த வீட்டுச் சிங்கள அம்மா "பாண் தியனவாத?" என்று கேட்டாள். பாண் நெஹே, பாண் இல்லை என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்தது. நாய்களுக்கும் அந்தப் பெட்டியின் வாசனை பழக்கம் போல. மூன்று நாய்கள் கூடவே வந்தன.

காலையில் வலது கன்னத்தில் அடித்த வெயில் இப்போது இடது கன்னத்தில் அடித்தது. ரோடு மலையைச் சுற்றித் திரும்பிவிட்டது என்று கொஞ்சமாவது யோசிக்கிறவனுக்கு விளங்கியிருக்கும். செல்லசாமிக்கு முகத்தின் ரெண்டு பக்கமும் சமமாகக் காய்கிறதே என்று சந்தோஷம்.

கடைசி வளைவு திரும்பியது. புல் முளைத்த கல் மேடை ஒன்று. பழைய ஸ்டேசன்தான். செல்லசாமி சைக்கிளைச் சாத்திவிட்டு மேடையில் ஏறினார். இடுப்பில் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு, மலையையே வாங்கினவர் மாதிரி சுற்றிப் பார்த்தார்.

"வாங்க மாப்புள" என்றது ஒரு குரல்.

மேடைக்குக் கீழே பேச்சியம்மா நின்றாள். அவளுக்குப் பின்னால் அவள் லயம். லயத்துக்குப் பின்னால் அந்த ஒரு துண்டு நிலம்.

"வருவீங்கன்னுதான் மம்பட்டிக்குப் புதுக் காம்பு போட்டு வச்சிருக்கேன்."

வாசலில் நாகலெட்சுமி உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். மகள் சர்மிளா "அப்பா பாண்" என்று ஓடி வந்து பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"நீ எப்படி இங்க?" என்றார் செல்லசாமி.

"பஸ்ஸுலங்க. இப்பதான் எறங்கினோம்."

"இந்த ரோடு இங்கதான் வருதுன்னு ஏன் புள்ள சொல்லல?"

"நீங்க கேக்கலயே. சின்னப் புள்ளையில நான் மாடு மேச்ச ரோடுதாங்க இது." கிழங்கை வைத்துவிட்டு எழுந்து வந்து, அக்கறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். "வாந்தி வந்துச்சுங்களா?"

மாமியார் பார்த்தாள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் பார்த்தார்கள். கொழும்பு வரைக்கும் போனாலும் வராது என்று சத்தியம் பண்ணினவர் என்ன சொல்லுவார்?

"இல்ல" என்றார்.

"அப்பாடி. இனிமே கவலயில்ல."

மம்பட்டியைப் பிடித்தவர் பின்நேரம் வரைக்கும் விடவில்லை. விடவிடவில்லை என்பதுதான் சரி. வெள்ளைக்காரன் இதே மேடைக்கு வந்தால் ஒரு படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவான். அவனுக்கு இங்கே மாமியார் இல்லை. இதைவிடப் பெரிய அநியாயம் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு கொத்துக்கும் கேட்டுக்கொண்டார். நாகலெட்சுமி மட்டும் அன்றைக்கு மம்பட்டியைத் தொடவில்லை. அம்மா மடியில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் தூங்கினாள்.

கிளம்புகிற நேரம் பேச்சியம்மா ஒரு சாக்கு நிறையக் கோவா கொண்டு வந்தாள்.

"எதுக்கு அத்த இதெல்லாம்?"

"மொதத் தரம் வேல செஞ்சு குடுத்த மாப்புளைய வெறுங்கையோட அனுப்பினா லயத்துல என்னைய என்னா சொல்லுவாங்க?"

கோவா முழுவதும் பாண்பெட்டிக்குள் அளவெடுத்த மாதிரி இறங்கியது. கழட்ட வேண்டாம் என்று சொன்ன பாசத்தை இப்போதுதான் செல்லசாமி முழுசாகப் புரிந்துகொண்டார். நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தார். வரும்போது மிதிக்காமல் வந்த தூரம் முழுக்க இப்போது மேலே நின்றது.

"நாகு, சைக்கிள பஸ்ஸு மேல போட்டுக்கிட்டு நானும் ஒங்களோடயே வந்துடறேன்."

"ஐயோ வேணாங்க. ஒங்க ஒடம்புக்கு ஒத்துக்காது."

"இன்னைக்கு ஒருநாள் ஒத்துக்கும்."

பஸ் வந்தது. நாகலெட்சுமியும் சர்மிளாவும் முதலில் ஏறினார்கள். செல்லசாமி மிதிபலகையில் ஒரு காலை வைத்தார். அதற்குள் நாகலெட்சுமி, கடையில் ஒரு கட்டி சவுக்காரம் கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள், கொண்டக்டரிடம் தெளிவாகச் சிங்களத்தில் சொன்னாள்.

"மெயாட்ட வமனே யனவா."

இவருக்கு வாந்தி வரும் என்று கேட்டதும் கொண்டக்டர் வேண்டவே வேண்டாமென்று கையை நீட்டிக் கதவை அடைத்தார். "எப்பா, எப்பா." முன் சீட்டில் இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

இல்லை, எனக்கு வாந்தியே வராது, அத்தனையும் பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏறிவிடலாம். செல்லசாமி வாயைத் திறந்தார். பக்கத்தில் மாமியார் நின்றாள். வாயை மூடிக்கொண்டார். பஸ் போனது. சர்மிளா பின் கண்ணாடியில் கையை ஆட்டினாள்.

அவர் கோவாவைத் தள்ளிக்கொண்டு லயம் வந்து சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். ஆண்டியப்பன் கன்னத்தைக் கூர்ந்து பார்த்தான். இன்றைக்குப் புல் இல்லை, மண்தான் இருந்தது. ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்ச் சிரித்தான்.

நாகலெட்சுமி சுடுதண்ணி கொடுத்தாள். இடுப்புக்குத் தைலம் தேய்த்தாள். செல்லசாமி குப்புறப் படுத்துக்கொண்டு, தலையணைக்குள் முகத்தை வைத்தபடி தன் முடிவைச் சொன்னார்.

"அந்தச் சைக்கிள நாளைக்கே வித்துப்போடு. இனி அதத் தொட மாட்டேன். இது சத்தியம்."

"சரிங்க, வித்துடுவோம்" என்றாள் நாகலெட்சுமி, தைலத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டே. "அடுத்த ஞாயித்துக்கெழமையிலேருந்து பஸ்ஸுலயே போவோம். குதிர ஓட்டத்துக்குப் போனப்ப தின்னுக்கிட்டே போனீங்கள்ல, அந்தக் கடலையே வாங்கித் தாரேன்."