வெள்ளவத்தை ஐரோப்பியர்

ஐரோப்பியர்களில் ஒரு வகை உண்டு. அந்த வகை ஐரோப்பாவில் கிடையாது. கொழும்பு வெள்ளவத்தையில்தான் கிடைக்கும். வெள்ளைத் தோலைத் தேடிக் கடற்கரைப் பக்கம் போய்விடாதீர்கள். நம்மவர் காலி வீதியில், ஒரு கையில் குடையும் தோளில் துணிப்பையுமாக பஸ்ஸுக்கு நிற்பார். வானம் இருண்டால் நீங்களும் நானும் என்ன சொல்வோம்? மழை வரப்போகுது என்போம். அவர் அப்படிச் சொல்லமாட்டார். "இந்த மூட்டத்தைப் பாத்தால் அப்பிடியே டச்சுக்காரன்ர நிலக்காட்சி ஓவியம்" என்பார். பக்கத்தில் நிற்கிற மனுஷன், பாவம், கொடியில் போட்ட உடுப்பை யாராவது எடுத்திருப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருப்பான்.

உதாரணத்துக்கு யோகநாதனை எடுத்துக்கொள்வோம். கிழமை நாட்களில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கடிதங்கள் எழுதும் பிரதம லிகிதர். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு அவர் வேறு ஆள். 'ஐரோப்பியக் கலை, இலக்கிய, மொழி, ஊடக வட்டம்' என்ற சபையின் தலைவர், செயலாளர், ஒரே பேச்சாளர். வட்டம் அவர் வீட்டு மேல்மாடியில் கூடும். உறுப்பினர் ஒன்பது பேர். ஏழு பேர் பக்கத்து லொட்ஜுகளில் அறை எடுத்து விசாவுக்குக் காத்திருக்கும் யாழ்ப்பாணத்துச் சனங்கள். எட்டாவது ஆள் தாஸிம், புடவைக்கடைக்காரர், கதை கேட்கிற ஆசையில் வருகிறவர். ஒன்பதாவது ஆள் யோகநாதனின் மனைவி பாலேஸ்வரி. தேத்தண்ணி கொண்டு மேலே ஏறி வருவதால் அவரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

யோகநாதன் ஐரோப்பாவைக் கண்டதில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போயிருக்கிறார், அதுவும் மற்றவர்களை வழியனுப்ப. பிரெஞ்சு மொழியில் முதலாம் வகுப்பை மூன்று தரம் படித்தவர். ஆகவே மற்றவர்களைவிட முதலாம் வகுப்பு தனக்கு மூன்று மடங்கு ஆழமாகத் தெரியும் என்பது அவருடைய கட்சி. யாராவது ஒரு நாவலை வாசித்தேன் என்றால், "மொழிபெயர்ப்பிலயோ? அப்ப வாசிக்கேல்ல எண்டு சொல்லும்" என்பார். அவர் எதில் வாசித்தவர் என்று கேட்டீர்களா? ஆங்கில மொழிபெயர்ப்பில்தான். ஆனால் அதை மூக்கைச் சற்றுத் தூக்கியபடி வாசிப்பார், அது மூலத்துக்குச் சமம்.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. மழை பொய்த்து நாளுக்கு எட்டு மணித்தியாலம் மின்வெட்டு. யோகநாதன் இத்தாலியப் படம் ஒன்றின் கசெட்டை எடுத்து வைத்தால், தலைப்பு ஓடி முடிய மின்சாரம் போய்விடும். பிறகு என்ன? படம் முழுவதையும் அவரே நின்று சொல்வார். கதாநாயகி அழுவார், ரயில் போகும், கமரா மெல்ல விலகும். கமரா விலகுவதைக் காட்ட அவரும் படிக்கட்டு வரைக்கும் பின்னால் போவார். தாஸிம் இதற்காகவே கடையைச் சாத்திவிட்டு வருவார். "கரண்ட் வந்தா படம் கெட்டுப் பெய்த்திடும் சேர், நீங்க சொல்லுங்க" என்பார்.

லொட்ஜில் இருக்கிறவர்களுக்கு வேண்டியது வேறு. "சேர், அங்க பொலிஸ் மறிச்சால் என்ன சொல்லுறது?"

"பொலிஸ் பிறகு வரட்டும். முதல்ல மறுமலர்ச்சிக் காலத்தை முடிப்பம்."

"கடையில பாண் எப்பிடிக் கேக்கிறது சேர்?"

பாணா? அவருக்கு முகம் மலர்ந்துவிடும். மேசைமேல் பாண் வைத்து வரைந்த ஓவியங்களில் பாண் எதைக் குறிக்கிறது என்று முக்கால் மணித்தியாலம் பேசுவார். பேசி முடித்தபின்னும் அவர்களுக்குப் பாண் கேட்கத் தெரியாது.

ஏழு பேரில் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுகிறவள் நேசமலர். கலியாணம் முடித்து நாற்பதாம் நாள் பாரிசுக்குப் போன புருஷனிடம் போய்ச் சேர மூன்று வருடமாகக் காத்திருந்தவள். ஒருநாள் யோகநாதன் ஜன்னலோரம் நிற்கிற பெண்ணின் ஓவியப் படம் ஒன்றைக் காட்டியபோது, "சேர், இந்த மனிசிக்கு ஒரு கன்னத்தில மட்டும் ஏன் வெளிச்சம்?" என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அதைத்தான் மொந்தவல் ஒளி எண்டு சொல்லுறது" என்றார். நேசமலர் எழுதிக்கொண்டாள். மொந்தவல் ஒளியைப் பற்றி உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. கொஞ்சம் வாசிக்கிறவர்களுக்கு அது தெரிந்த விஷயம்தான்.

இந்த வகை மனிதருக்கு ஒரேயொரு இடத்தில்தான் பேச்சுச் சுருங்கும். ஒருநாள் சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவன் அவருடைய துணிப்பையைத் துழாவி, ஒரு கட்டடத்தின் வரைபடத்தை வெளியே எடுத்தான். வாசல்கள், தூண்கள், அளவுகள் எல்லாம் குறித்த வரைபடம். கொழும்பில் அந்தப் போர்க்காலத்தில் ஒரு தமிழனின் பையில் இருக்கக்கூடாத சாமான் இருந்தால் அது இதுதான். "மே மொக்கக்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். பிரான்சில் இருக்கும் எண்ணூறு வருடத்துத் தேவாலயம் என்று மேல்மாடியில் மூன்று சனிக்கிழமை விளக்கியவர், கூர்முனை வளைவையும் வானளாவும் ஆன்ம ஏக்கத்தையும் விழுங்கிக்கொண்டு, "பல்லிய. லொக்கு பல்லிய" என்றார். தேவாலயம், பெரிய தேவாலயம். எங்கே இருக்கிறது, நீங்கள் போயிருக்கிறீர்களா என்று சிப்பாய் கேட்டான். "நே" என்றார். இல்லை. அவன் வரைபடத்தை மடித்துக் கொடுத்துப் போகச் சொன்னான். யோகநாதன் தம் வாழ்நாளில் நிகழ்த்திய மிகத் தெளிவான விரிவுரை அதுதான். அவர் அதை யாருக்கும் சொன்னதில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை நேசமலர் ஒரு கடிதத்தோடு வந்தாள். பிரான்சில் அவளுடைய விசா விண்ணப்பக் கோவையைப் பார்க்கிற கந்தோரிலிருந்து வந்தது. முழுக்கப் பிரெஞ்சு.

"சேர், என்னவாம்?"

யோகநாதன் வாங்கினார். முதல் வரியில் 'அம்மணி' என்று இருந்தது விளங்கியது. அடுத்த பந்தியில் ஒரு சொல் விளங்கியது, அதுவும் வெறும் 'மற்றும்'. நடுவில் முப்பது என்று ஓர் இலக்கம். பிறகு காடு. எனக்கு விளங்கேல்லப் பிள்ளை என்று சொன்னால் முடிந்தது. சிப்பாய்க்கு முன்னால் சொல்ல முடிந்ததை ஒன்பது பேருக்கு முன்னால் சொல்ல முடியுமா? அதிலும் பாலேஸ்வரி தேத்தண்ணித் தட்டோடு நிற்கும்போது?

அப்போதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது. நீளமான வரி. முதலாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. மூன்று வருடமும் மனப்பாடம் செய்தது. அவர் எழுந்து நின்றார்.

"கேளுங்கோ. 'அம்மணி, தங்கள்பால் நாங்கள் கொண்டுள்ள மேலான உணர்வுகளை ஏற்றருளுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்.' ஒரு அரசாங்கம் எழுதுது, பாத்தியளே. எங்கட கந்தோரில ஒருக்கால் இப்பிடி எழுதியிருப்பமோ? இல்லையெண்டு சொல்லுறவன் இப்பிடி எழுதுவானோ? பிள்ளை, உம்மை எடுத்திட்டாங்கள்."

"நடுவில முப்பது எண்டு கிடக்கே, சேர்?"

"முப்பது நாளில கூப்பிடுவினம்."

நேசமலர் அழுதாள். பாலேஸ்வரி அவளுடைய தேத்தண்ணியில் இன்னொரு கரண்டி சீனி போட்டார். போகிற நாளைக்கு உடுக்கச் சாரி தன்னுடைய கடையிலிருந்து என்று தாஸிம் சொன்னார். யோகநாதன் அன்று ஐரோப்பிய நாகரிகத்தில் பணிவு என்ற பொருளில் ஐந்து மணி வரை பேசினார். எல்லோருக்கும் சந்தோஷம்.

நேசமலர் பெட்டி வாங்கினாள். மண்ணெண்ணெய் அடுப்பைப் பக்கத்து அறைக்குக் கொடுத்தாள். மாதக் கடைசியில் அறையை விடுவதாக லொட்ஜில் சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போலப் புருஷனின் அழைப்புக்காகக் கொமியூனிகேஷன் கடையில் போய் நின்று, போன் வந்ததும், "எடுத்திட்டினமாம்" என்றாள்.

"ஆர் சொன்னது?"

"யோகநாதன் சேர். கடைசி வரியில அவ்வளவு மரியாதையா எழுதியிருக்காம்."

மறுமுனையில் இருந்த மனுஷன் பாரிசில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். கலையும் தெரியாது, இலக்கியமும் தெரியாது. "கடிதத்தை எழுத்தெழுத்தா வாசியும்" என்றான். பின்னால் போனுக்கு நின்றவர்கள் முணுமுணுக்க, அவள் ஒவ்வொரு ஆங்கில எழுத்தாக வாசித்தாள்.

"கலியாணப் பதிவைப் பிரெஞ்சில மாத்தி, சத்தியப் பிரமாணம் செய்த ஆளின்ர முத்திரையோட கேக்கிறாங்கள். முப்பது நாளுக்குள்ள போகாட்டில் கோவையை மூடுவினமாம். மேல திகதி என்ன போட்டிருக்கு?"

அவள் சொன்னாள். ஆறு நாள் மிச்சம்.

"அப்ப அந்தக் கடைசி வரி?"

"அது இஞ்ச எல்லாக் கடிதத்திலயும் இருக்கும். முந்தி ஒரு இடத்தில என்னை வேலையால நிப்பாட்டின கடிதத்திலயும் இருந்தது."

அவள் யோகநாதன் வீட்டுக்கு வந்தபோது ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். விஷயத்தைச் சொல்லிவிட்டு, "சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஆரையும் தெரியுமோ, சேர்?" என்று மட்டும் கேட்டாள். தெரியும். கொட்டாஞ்சேனையில் ஐறீன் என்று ஒரு அம்மா. கன்னியாஸ்திரிகளிடம் சிறுவயதில் பிரெஞ்சு படித்தவர். அவரைப் பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம், "அவவுக்கு மொழிதான் தெரியும், இலக்கியம் தெரியாது" என்று யோகநாதன் பத்து வருடமாகச் சொல்லி வந்திருக்கிறார்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி அவளைக் கூட்டிக்கொண்டு போனார். ஐறீன் பதிவுத்தாளை ஒருமுறை பார்த்தார். தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகி, அடிக்கத் தொடங்கினார். யோகநாதனால் சும்மா இருக்க முடியுமா? "மணமகள் எண்ட இடத்தில கொஞ்சம் நயமான சொல்லாப் போட்டால்..." என்று இழுத்தார்.

"மிஸ்டர் யோகநாதன், இது கலியாணப் பதிவு. ஆர் ஆரைக் கட்டினது, எப்ப கட்டினது. அவங்களுக்கு அது காணும்."

அரை மணித்தியாலத்தில் முடிந்தது. முத்திரை குத்தினார். கூட அனுப்புவதற்கு நாலு வரியில் ஒரு கடிதமும் அடித்தார். அதன் கடைசி வரியை யோகநாதன் எட்டிப் பார்த்தார். அதே வரி. ஐறீன் வேறெங்கோ பார்த்தபடி, ஒரு மூச்சில் அதை அடித்து முடித்தார். மனுஷனுக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஒரு பிள்ளையின் மூன்று வருடத்தை இந்த வரியை நம்பி ஒரு மணித்தியாலத்தில் தின்னப் பார்த்தேனே என்று நினைத்தார்.

பிரதியைத் தொலைநகலில் அனுப்பி, மூலத்தை விரைவுத் தபாலில் போட்டுவிட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் நேசமலர் கொப்பியை எடுத்தாள்.

"சேர், போய்ச் சேந்தால் அங்க பாக்கவேண்டியதெல்லாம் குறிச்சு வைச்சிருக்கிறன். இந்த மொந்தவல் ஒளி எந்தக் காட்சிச்சாலையில இருக்கெண்டு மட்டும் எழுதேல்ல. சொல்லுங்கோ, உங்களுக்காக ஒருக்கால் போய்ப் பாக்கிறன்."

யோகநாதன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சாவடியில் பஸ் நின்றது. அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார்கள். பஸ் திரும்ப நகர்ந்தது.

"அப்பிடி ஒரு ஒளி இல்லைப் பிள்ளை. நீர் அண்டைக்குக் கேட்டனீர். எனக்குப் பதில் தெரியேல்ல. ஒரு பேர் வைச்சனான்."

நேசமலர் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கடிதம் தந்த அண்டைக்கும் இப்பிடிச் சொல்லியிருக்கலாம், சேர்."

"ஓம்" என்றார்.

கோவை மூடப்படவில்லை. மூன்று மாதத்தில், தாஸிம் கொடுத்த சாரியோடு அவள் போய்விட்டாள். பிறகு வந்த தபாலட்டையில், பெரிய தேவாலயத்தை இன்னும் பார்க்கவில்லை, வேலையால் நேரமில்லை, ஆனால் பாண் கேட்கப் பழகிவிட்டேன் என்று எழுதியிருந்தாள்.

யோகநாதன் திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? தபாலட்டை வந்த சனிக்கிழமையே, 'ஐரோப்பியக் கடிதக் கலையில் மறுப்பின் அழகு' என்று ஒன்றரை மணித்தியாலம் பேசினார். முடிவில் தாஸிம் எழுந்து, "அந்த மொந்தவல் ஒளியப் பத்தி இன்னொருக்கா சொல்லுங்களேன், சேர்" என்றார். யோகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய வாய் 'இல்லை' என்ற சொல்லுக்குப் பாதி திறந்தது என்று பாலேஸ்வரி பின்னர் சொன்னார். "அது பெரிய விஷயம். வாற சனி பாப்பம்" என்றுதான் வெளியே வந்தது.

நன்றாகச் சிரித்துவிட்டீர்கள், மகிழ்ச்சி. ஆனால் ஒன்று கேட்கவேண்டும். மொந்தவல் ஒளி உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான் என்று முன்னே ஓரிடத்தில் எழுதியிருந்ததே, அப்போது நீங்கள் நின்று, எனக்குத் தெரியாதே என்று சொன்னீர்களா, அல்லது மெல்லத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனீர்களா? வெட்கப்பட வேண்டாம், பக்கத்தில் யாரும் இல்லை. நேசமலர் போனதிலிருந்து மேல்மாடியில் ஒரு கதிரை காலியாகக் கிடக்கிறது. சனிக்கிழமை, மூன்று மணிக்கு வந்துவிடுங்கள்.