காற்று வாங்கப் போன ஒழுங்கை

காற்று வாங்கப் போகிறேன் என்று சொன்னதுதான் ஹமீட் செய்த முதல் பிழை. டொக்டரைப் பார்க்கப் போகிறேன் என்றிருந்தால், "நல்லபடியாப் போய்ட்டு வாங்க" என்று விட்டிருப்பார்கள். கல்யாணப் பேச்சுக்கு என்றிருந்தால்கூடத் திரும்பி வரும்வரை வாசலில் நின்று கதை கேட்கக் காத்திருப்பார்களே தவிர, வேனில் ஏறிக் குந்த மாட்டார்கள். காற்று அப்படியில்லை. அது பொதுச்சொத்து. அதை வாங்கப் போகிறவரை ஏறாவூரில் ஒருவரும் தனியே போக விடுவதில்லை.

"திருகோணமலையில துறைமுகத்துக்கு மேல ஒரு மலை இருக்காம். உச்சியில நிண்டா முழுக்கடலும் தெரியுமாம். ஞாயித்துக்கிழமை நானும் நஸீபாவும் ஒருக்காப் போய்க் காத்து வாங்கிட்டு வரலாமெண்டு..." என்று இழுத்தார் ஹமீட்.

பக்கத்து வீட்டு அப்துல் கபூர் தன் வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தினார்.

"காத்துக்கு அவ்வளவு தூரம் ஓடணுமா காக்கா? நம்மட ஆத்தங்கரையில காத்து முடிஞ்சிட்டா?"

"மலைக்காத்து வேற."

"அப்ப சரி. றஸீனாவையும் ஏத்திக்கிட்டு வாறன். அவளும் கிட்டத்துல மலை கண்டதில்ல."

உண்மையைச் சொல்லியிருந்தால் கபூர் ஒருவேளை மனைவியை விட்டுவிட்டு வந்திருப்பார். ஆனால் உண்மையைச் சொல்கிற நிலையில் ஹமீட் இல்லை.

உண்மை இதுதான். கடைத்தெருவில் ஹமீடின் பிடவைக்கடை இருக்கிறது. 'ஹமீட் அன் சன்' என்று பெயர்ப்பலகை அடித்து அவர் காத்திருந்தபோது, அந்த 'சன்', ஷிஹான், மூன்று வருடத்துக்கு முன் சாரமும் சட்டைத்துணியும் அளந்து கிழிக்க மாட்டேன் என்று கப்பல் வேலைக்குக் கிளம்பிப் போனான். போகும்போது ஹமீட் வீட்டுக்கு முன்னாலிருந்த குறுகிய தெருவில், நடு ஒழுங்கையில் நின்று சொன்னார்:

"இனி இவன்ட முகத்துல முழிக்க மாட்டன். இவன் வாசல்ல கால் வச்சா நான் வீட்டை விட்டுப் போயிருவன். அல்லா மேல சத்தியம்."

ஒழுங்கை முழுவதும் கேட்டது. கேட்காதவர்களுக்கு றஸீனா சொன்னாள். அன்றைக்கே ஹமீட் பலகையில் 'அன் சன்' என்பதன் மேல் பெயின்ற் பூசினார். மலிவான பெயின்ற். மழைக்காலம் வந்தால் மகன் பலகையில் மெல்ல மெல்ல வெளியே வருவான். வெயில் வந்ததும் ஹமீட் ஏணியைத் தூக்கிக்கொண்டு போவார்.

"சத்தியத்த முறிச்சா பத்து ஏழைக்குச் சோறு குடுக்கணும், அவ்வளவுதான். நான் ஆக்கித் தாறன்," என்று நஸீபா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள்.

"சோத்துக்குப் பயந்தா நான் முறிக்காம இருக்கிறன்?" என்பார் அவர்.

நஸீபா மகனோடு போனில் பேசும்போது ஹமீட் டீவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். செய்தி பார்க்கிற மனிதர் ஏன் சத்தத்தைக் குறைக்கிறார் என்று நஸீபா கேட்டதேயில்லை. அவள் பாட்டுக்கு ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள். அப்படித்தான் அந்தச் செய்தியும் அவர் காதில் விழுந்தது.

"உம்மா, எங்கட கோதுமைக் கப்பல் ஞாயித்துக்கிழமை திருகோணமலையில நிக்கும். ராவைக்கு வெளிக்கிட்டிரும். ஆனா எங்கள இறங்க விட மாட்டாங்களாம்."

நஸீபா அழுதாள். ஹமீட் டீவியைப் பார்த்தபடியே யோசித்தார். சத்தியம் முகத்தைப் பற்றியது. மலையுச்சியிலிருந்து பார்த்தால் கப்பலே விரலளவுதான் இருக்கும். அதில் நிற்கிறவனுக்கு முகம் ஏது? இப்படித் தனக்குத் தானே ஒரு பத்வா, மார்க்கத் தீர்ப்பு, கொடுத்துக்கொண்டு கபூரிடம் போனவர்தான், வாய் தவறிக் காற்று என்று சொல்லிவிட்டார்.

நஸீபாவிடமும் அதையேதான் சொன்னார். அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெருநாளுக்கு வாங்கிய புது அபாயாவை எடுத்து மடிப்புக் கலைத்துக் காயப்போட்டாள்.

சனிக்கிழமை வேலிக்கு அந்தப் பக்கம் றஸீனாவின் தலை தெரிந்தது. ஹமீட் தன் முதல் பிழையைத் திருத்தப் பார்த்தார்.

"பெரிய ஏத்தம் புள்ள. முழங்கால் வருத்தக்காரருக்குச் சரிவராது."

"அதுக்கென்ன காக்கா, கையப் பிடிச்சு ஏத்திவிட ஸில்மியாவக் கூட்டிக்கிட்டு வாறன்."

ஸில்மியா மூன்றாம் வீடு. அவளுக்கு மூன்று பிள்ளைகள். அவர்களை விட்டுவிட்டு வர அவளென்ன கல்நெஞ்சுக்காரியா?

ஹமீட் மறுபடியும் திருத்தினார். "அந்த மலையில கடை கண்ணி ஒண்டும் இல்லையாம். புள்ளையள் பசி கிடக்கணும்."

"நல்ல வேளை சொன்னீங்க. புரியாணி ஆக்கிருவம்."

அத்தனை பேருக்கும் ஆக்கப் பெரிய சட்டி வேண்டும். பெரிய சட்டி எதிர்வீட்டு நஸீறாவிடம்தான் இருக்கிறது. முன்பொருதரம் சட்டியை இரவல் கொடுத்து மூடியைத் தொலைத்து, காசு கொடுத்து வேறு மூடி வாங்கியவள் நஸீறா. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு கொள்கை உண்டு.

"சட்டி போற இடத்துக்கு நானும் போவன்," என்றாள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த ஒழுங்கையில் உலைமூடி தேடப் போய் உலையே வேனில் ஏறிவிட்டது. ஆக, ஞாயிறு காலை அந்த ஒழுங்கையில் மிச்சமிருந்தவை பூட்டிய கதவுகளும் கோழிகளும்தான்.

விடியற்காலை சுபஹு தொழுகை முடிந்த கையோடு போக வேண்டிய வேன், புரியாணி தம்மில் இருந்ததால் வெயில் ஏறியபிறகுதான் புறப்பட்டது. ஹமீட் படலைக்கும் வேனுக்கும் நடந்துகொண்டேயிருந்தார்.

"ஏன் காக்கா பதறுறீங்க? காத்து எங்கயும் போயிராது," என்றார் கபூர். பிறகு ஹமீடின் மடியில் கிடந்த கறுப்பு உறையைக் கண்டார். "இது நம்மட பள்ளிவாசல் தூரக்கண்ணாடி எல்லவா? பிறை பாக்கிறதுக்கு இன்னும் நாள் கிடக்கே?"

"பறவை பாக்க," என்றார் ஹமீட்.

பின்னாலிருந்து மூன்று பிள்ளைகளும் ஒரே குரலில் பறவை கேட்டார்கள்.

ஓட்டமாவடி தாண்டும்வரை பறவை கேட்டார்கள். வாகரையில் சின்னவன் வாந்தி எடுத்தான். அவனைப் பார்த்து மற்ற இரண்டும் எடுத்தன. வேனை நிறுத்தி, கழுவி, அழுகையை அமர்த்துவதற்குள் சூரியன் உச்சிக்கு நகர்ந்துகொண்டிருந்தது. ஹமீட் பொறுக்க முடியாமல் நஸீபாவின் கைப்பையிலிருந்து போனை உருவிப் பிள்ளைகளிடம் கொடுத்தார்.

"இந்தாங்க, கார்ட்டூன் பாருங்க. வாயத் திறக்கப்படாது."

"அது எனக்கு வேணும்..." என்று தொடங்கினாள் நஸீபா.

"காத்து வாங்கப் போறதுக்கு போன் எதுக்கு?" என்று அடக்கினார் அவர்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கதிரவெளியில் கடல் தெரிந்தது. அதில் கப்பல் ஏதும் இல்லை.

மலையில் ஏறுவது ஹமீட் பயமுறுத்திய அளவுக்கு இல்லை. றஸீனாவின் முழங்கால் நன்றாகவே ஏறியது. பிடித்துவிட வந்த ஸில்மியாதான் பாதியில் குந்தி மூச்சு வாங்கினாள். உச்சிக்குப் போனால், கீழே துறைமுகம் பச்சைக் கிண்ணத்தில் ஊற்றிவைத்த நீலம்போல் கிடந்தது. எல்லாம் இருந்தது. ஒரு சொட்டுக் காற்று மட்டும் இல்லை. மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை.

"இந்தக் காத்தையா வாங்க வந்த?" என்று கேட்டுக்கொண்டே நஸீறா சட்டி மூடியால் விசிறிக்கொண்டாள்.

ஹமீட் காதில் அது விழவில்லை. தூரத்தில் கோதுமை இறக்குகிற மாவு ஆலை இறங்குதுறையில் சிவப்பு அடிப்பாகத்தோடு ஒரு கப்பல். உறையிலிருந்து தூரக்கண்ணாடியை எடுத்தார். எடுத்ததுதான் தாமதம், மூத்த பிள்ளை பிடுங்கிக்கொண்டு பறவை தேடியது. அதனிடமிருந்து கபூர் வாங்கிக் கடற்படைப் படகுகளைப் பார்த்தார். கபூரிடமிருந்து றஸீனா வாங்கிக் கீழே யாருடைய வீட்டுக் கொடியிலோ காய்ந்த துணிகளைப் பார்த்தாள்.

"நல்ல சாறி. ஆனா சாயம் போயிரிச்சு."

"அத இஞ்ச தாங்க புள்ள," என்றார் ஹமீட்.

"கொஞ்சம் பொறுங்க காக்கா, கப்பல் ஓடிருமா?"

"ஓடிரும்," என்றார் ஹமீட். "அந்தச் சிவப்புக் கப்பல்ல என்ட மகன் நிக்கான். அது ஓடிரும்."

றஸீனா கொடியையும் சாறியையும் விட்டுத் திரும்பினாள். தூரக்கண்ணாடியை இரண்டு கையாலும் நீட்டினாள்.

ஹமீட் கண்ணில் வைத்தார். முதலில் கண்ணீர்தான் தெரிந்தது. துவாயால் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். கப்பலின் விளிம்பில் செம்மஞ்சள் உடுப்போடு ஒருவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை. சத்தியத்துக்குப் பங்கமில்லை.

"அவன்தான். சாஞ்சு நிக்கிற விதத்தப் பாரு. கடையிலயும் அலுமாரியில இப்பிடித்தான் சாஞ்சு நிப்பான்."

நஸீபா வாங்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "மெலிஞ்சு போயிட்டான்," என்றாள்.

"வளந்திருக்கான்," என்றார் ஹமீட்.

"இருவத்தாறு வயசுல எப்பிடிக் காக்கா வளர்ற?" என்று ஸில்மியா கேட்டாள். நஸீறா அவள் முதுகில் கிள்ளினாள்.

"போன் பண்ணிச் சொல்லுங்க ராத்தா, மேல பாக்கச் சொல்லுங்க," என்றாள் றஸீனா. நஸீபா பிள்ளைகளிடமிருந்து போனை வாங்கினாள். கார்ட்டூன் பார்த்துப் பார்த்து அது எப்போதோ செத்துப்போயிருந்தது. அவன் நம்பர் வேறு எவர் போனிலும் இல்லை. ஹமீடின் போனில் இருந்ததை அவரே மூன்று வருடத்துக்கு முன் அழித்துவிட்டார்.

ஹமீட் இரண்டடி முன்னே போனார். தோளில் கிடந்த துவாயை எடுத்து வீசத் தொடங்கினார். முதலில் கொஞ்சமாக, வெட்கத்தோடு. பிறகு முழுக்கையாலும்.

"மகன்... வாப்பா இஞ்ச நிக்கன் மகன்..."

கபூர் சட்டையைக் கழற்றி வீசினார். றஸீனா குந்துவதற்குக் கொண்டுவந்த பாயை விரித்து இரண்டு கையாலும் ஆட்டினாள். நஸீறா சட்டி மூடியை வெயிலில் பளபளக்கத் தூக்கிப் பிடித்தாள். பிள்ளைகள் குதித்தன. ஒரு ஒழுங்கை முழுவதும் மலையுச்சியில் நின்று ஒரு கப்பலுக்குக் கை காட்டியது.

செம்மஞ்சள் உடுப்புக்காரன் நிமிர்ந்தான். இங்கும் அங்கும் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான்.

"காட்டுறான்," என்றார் ஹமீட். அப்படியே தரையில் குந்திவிட்டார். "கோவமில்ல நஸீபா. எனக்குக் கை காட்டுறான்."

திரும்பி வரும்போது ஹமீட் வாய் ஓயவில்லை. மூன்று வருடமாக அடைத்துவைத்த ஷிஹான் வேன் முழுவதும் நிரம்பினான். பிறந்தபோது எத்தனை இறாத்தல், முதல் நோன்பை எப்படித் திருட்டுத்தனமாக முறித்தான், கடலுக்குப் போனவனுக்குச் சின்னதில் கிணற்றுத் தண்ணீருக்கே பயம். கேட்ட கதைதான் என்றாலும் யாரும் அதைச் சொல்லவில்லை.

"அப்ப காக்கா, சத்தியம்?" என்று றஸீனா மெல்லக் கேட்டாள். அவளுக்கு அது தெரியாவிட்டால் இரவு தூக்கம் வராது.

"பத்துப் பேருக்குச் சோறாக்கு நஸீபா. நாளைக்கே," என்றார் ஹமீட். "இனி அவன் எப்ப வந்தாலும் நான் வாசல்ல நிப்பன். சந்திக்குப் போய் நானே கூட்டிக்கிட்டு வருவன்."

நஸீபா முக்காட்டு நுனியால் முகத்தை மூடிக்கொண்டாள். கபூர் மூக்கை உறிஞ்சிவிட்டு, பாதையில் தூசு என்றார்.

பொழுது சாய்ந்து மஹ்ரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம் வேன் ஒழுங்கைக்குள் திரும்பியது. எதிரே பாணும் பணிஸுமாக ரொட்டி வகை விற்கிற ஓட்டோ நின்றது. இந்தப் பக்கத்துக்குப் புதிதாகப் பாண் கொண்டுவரும் றிஸான் கையை நீட்டி வேனை மறித்தான்.

"எல்லாரும் எங்க போன? இண்டைக்கு ரெண்டு தரம் வந்தும் இஞ்ச ஒரு பாண் விக்கல்ல."

"காத்து வாங்க," என்று சிரித்தார் ஹமீட். வருடக்கணக்கில் அவர் அப்படிச் சிரித்ததை யாரும் கண்டதில்லை. "நாளைக்கு வா தம்பி. என்ட வீட்டுல சோறு இருக்கு."

"உங்கட வீட்டுப் படியிலதான் காக்கா ஒரு ஆள் பகல் முழுக்கக் குந்தியிருந்தாரு. அவர் மட்டும் ஒரு பணிஸ் வாங்கினாரு."

"ஆரு?"

"பேர் கேக்கல்ல. கப்பல்ல வேலையாம், கடைசி நேரத்துல இறங்க விட்டாங்களாம். சொன்னா வாப்பா வீட்டை விட்டுப் போயிருவாரெண்டு சொல்லாம வந்தாராம். உம்மாட போனும் வேலை செய்யல்லயாம். பின்னேரம் அசர் பாங்கு வரைக்கும் பாத்திட்டு, 'அவருக்கு எப்பிடியோ தெரிஞ்சிரிச்சு, ஒழுங்கையையே கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு' எண்டு சொல்லிட்டு பஸ்ஸுக்குப் போயிட்டாரு."