டீக்கடை ஏன் இங்கே இருக்கிறது?

எட்டாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கப் போனேன். அவ்வளவுதான்.

நான் ரிட்டயர் ஆனவன். ஒரகடம் ரோட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சருக்குப் பிரசவ விடுப்பு. எச்.எம். மேடம் கூப்பிட்டார், போனேன்.

பாடம் சின்னது. பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே கேள்வி உண்டாக்க வேண்டும். பதில் வேண்டாம். கேள்வி போதும்.

முதல் கேள்வி வந்தது. "தமிழ்நாட்டின் தலைநகரம் எது?"

"டேய், அது உனக்கே தெரியும்ல? அப்புறம் எதுக்குக் கேக்குற?"

"நீங்கதான சார் கேள்வி கேக்கச் சொன்னீங்க?"

இதற்கு மேல் பேசினால் பிரஷர் ஏறும். போர்டில் எழுதிப் போட்டேன். ஒன்று எங்கே இருக்கிறது? ஏன் அங்கே? மாறினால் என்ன ஆகும்?

"கண்ணால பாத்துட்டுக் கேளுங்க" என்று எல்லாரையும் ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். கையில் நோட்டு. போதாததற்குத் தூரம் அளக்க ஒரு டேப்பும் கொடுத்தேன். என் புத்திசாலித்தனம்!

எதிரே புறம்போக்கில் காமாட்சியின் டீக்கடை. கம்பெனி பஸ் நிற்கிற இடம். இந்தப் பக்கத்தில் நோட்டும் டேப்புமாக ஆள் வந்தால் என்ன அர்த்தம் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். நிலம் எடுக்கப் போகிறார்கள். எனக்குத்தான் உறைக்கவில்லை.

சந்தியா என்கிற பெண் நேராகப் போய்க் கேட்டாள். "அக்கா, ஒங்க கடை ஏன் இங்க கீது? இத்த எடுத்துட்டா இன்னா ஆவும்?"

அருமையான கேள்வி! என் சர்வீசில் கேட்டதில்லை.

காமாட்சி பால் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். "சார்! ரோட்ட அகலம் பண்றாங்களா?"

"இல்லம்மா. பாடம்."

"போன தபா வந்தவரும் சும்மா பாத்துட்டுப் போறேன்னுதான் சொன்னாரு. இப்ப எங்க மாமியார் வூடே இல்ல!"

போன் பறந்தது. ஊர் கூடிவிட்டது.

ஏழுமலை தன் காலி மனையில் தென்னங்கன்று நட ஆரம்பித்தார். மரம் இருந்தால் நஷ்டஈடு கூடுதலாக வருமாம். பக்கத்து மனைக்காரருக்குக் கன்று கிடைக்கவில்லை. குரோட்டன்ஸைத் தொட்டியோடு புதைத்தார்.

"சார், வாழைய மரக் கணக்குல சேப்பீங்களா?" என்றார் ஏழுமலை.

"அது மரமே இல்லய்யா!"

என் வாய் சும்மா இருந்ததா?

"பாத்தியா, ஆபீசரேதான்!" என்றது கூட்டம்.

காமாட்சி மட்டும் கத்தவில்லை. "இந்தக் கடைய வச்சிதான் சார் பொண்ண நர்சிங் படிக்க வச்சிகினு கீறேன். எதுனா எழுதிக் குடுங்க."

எழுதித் தராமல் விடமாட்டார்கள். சந்தியாவின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். 'எட்டாம் வகுப்பு புவியியல் ஆய்வின்படி, இந்தக் கடை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது.' கையெழுத்தும் போட்டேன்.

"சீலு?"

என்னிடம் இருந்தது ஒன்றுதான். பிள்ளைகள் நோட்டில் குத்துகிற சீல். ஒரு நட்சத்திரம், கீழே 'மிக நன்று'. குத்தினேன்.

கூட்டம் கலைந்தது. காமாட்சி அதை லேமினேட் பண்ணி, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

அடுத்த வாரமே நிஜ சர்வேயர் வந்தார். ரோடு நிஜமாகவே அகலமாகிறதாம்! காமாட்சி தாளைக் காட்டியிருக்கிறாள். அவர் இரண்டு தடவை படித்தாராம். நட்சத்திரத்தைத் தடவிப் பார்த்தாராம்.

"மேலிடத்துல பேசி முடிச்சிட்டாங்க போல. நமக்கு எதுக்கு வம்பு? அந்தப் பக்கம் அளப்பா" என்று உதவியாளிடம் சொன்னாராம்.

அந்தப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடம்.

மறுநாள் காம்பவுண்டு சுவர் நெடுகச் சிவப்புப் பெயிண்டில் கோடு. எச்.எம். மேடம் என்னைக் கேட்டிலேயே மடக்கினார்.

"எதிர்ல அவ்ளோ எடம் இருக்கும்போது, ஏன் சார் நம்ம சுவத்துல வந்து கோடு போட்டுட்டுப் போறாங்க?"

"நல்ல கேள்வி, மேடம்" என்றேன்.