நான் வைத்தியம் பார்த்த தக்காளி நாற்று

டைரி எழுதுகிறவனுக்கு எல்லாம் நினைவில் இருக்கும். அதைவிட மோசம், மற்றவர்கள் அதை எடுத்துப் படிக்கலாம். நான் இருபது வருடத்துக்கும் மேலாக நாள் தவறாமல் எழுதுகிறேன். மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்தக் கிழமை மாடு கன்று போட்டது என்று கேட்டால் பக்கத்தைப் புரட்டிச் சொல்லிவிடுவேன். என்னைக் கூண்டில் ஏற்றிய சாட்சியும் அந்த டைரிதான். ஐந்தே பக்கம், என் கையெழுத்தில்.

தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் அக்கா செல்வியின் வீடு. மாமா லாரி ஓட்டுகிறவர். பயிர் முழுக்க அக்கா பொறுப்பு. அந்த வருடம்தான் அவள் புகுந்த வீட்டார் எல்லோரையும் எதிர்த்துக்கொண்டு, கரும்பில் அரை ஏக்கரைக் குறைத்துத் தக்காளிக்கு மாறியிருந்தாள். குழித்தட்டுகளில் விதை போட்டு, கொல்லையில் நிழல்வலைக்குக் கீழே வளர்த்த நாற்று. சனிக்கிழமை நடவு. பாத்தி தயார், ஆட்களுக்கும் சொல்லியாயிற்று. இந்த நாற்று போனால், "நாங்க அப்பவே சொன்னமே" என்று சொல்ல ஒரு வீடே காத்திருந்தது.

நான் ஒரு வாரம் விடுப்பில் போயிருந்தேன். உதவி செய்ய வேண்டும் என்று துடிக்கிற கை வேறு. ஞாயிறு அன்று நானே முன்வந்து பின்பக்கத்து மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடித்தேன். திங்கட்கிழமை அக்கா எலவனாசூர்கோட்டைக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பினாள்.

"நாத்துக்குத் தண்ணி மட்டும் ஊத்துடா. வேற எதுலயும் கை வெக்காத."

"நான் படிக்காத புத்தகமா அக்கா?"

"அதான் பயமா கீது."

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு இலைகளில், வெள்ளைப் பென்சிலால் கிறுக்கியது போலக் கோடு கண்டேன். (இலைக்குள் ஒரு சின்னப் புழு போகிற வழி அது. அந்த இரண்டு இலையைக் கிள்ளி எறிந்திருந்தால் கதை முடிந்தது.) நான் புத்தகம் படித்தவன், கிள்ளுவேனா? வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி, முதுகில் மாட்டும் மருந்து டேங்கில் ஊற்றி, தட்டு தட்டாக அடித்தேன். கடைசித் தட்டு எலுமிச்சை மரத்தடியில் இருந்தது. அதற்கு வருவதற்குள் கரைசல் தீர்ந்துவிட்டது. அதையும் ஒழுங்காக டைரியில் குறித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை போய்ப் பார்த்தால், நாற்றுகள் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. கொழுந்து இலைகள் குறுகி, முறுக்கு பிழிந்தது போலச் சுருண்டிருந்தன. நான் பதறவில்லை. ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு எழுதினேன்: "இலைச்சுருட்டு வைரஸ். பரப்புவது வெள்ளை ஈ. ஈ எங்கிருந்து வந்தது?"

வேலிக்கு அந்தப் பக்கம் சவரியம்மா வீட்டு வெண்டை. இலையைத் திருப்பினேன். நாலு வெள்ளை ஈ. (வெண்டை இருக்கும் இடத்தில் வெள்ளை ஈ இருப்பது, டீக்கடையில் ஆள் இருப்பது மாதிரி. அன்று எனக்கு அது தெரியவில்லை.)

"உங்க வெண்டையாலதாம்மா அக்காவோட தக்காளி போகப்போகுது. இன்னிக்கே பிடுங்கிடணும்."

"இன்னா தம்பி சொல்றீங்க? இப்பதான் காய் வுட்டுக்கினு கீது."

டைரியைப் பிரித்துக் கிழமை, மணியோடு வாசித்துக் காட்டினேன். நோட்டைப் பார்த்து ஒருவன் பேசினால் எதிர்த்துச் சொல்ல யாருக்கும் கூச்சமாக இருக்கும். "செல்வி நாத்துக்கு என்னால கேடு வேணாம்பா" என்று சொல்லிவிட்டு, நாற்பது செடியையும் அவரே பிடுங்கினார். பிஞ்சோடு. பக்கத்தில் நின்று நேரத்தைக் குறித்துக்கொண்டவன் நான்.

வெள்ளிக்கிழமை மதியம் அக்கா வந்தாள். கல்யாணப் புடவையோடு கொல்லைக்குப் போனவள் தட்டு தட்டாகக் குனிந்து பார்த்தாள்.

"வைரஸ் அக்கா" என்றேன்.

"வைரஸுன்னா இங்க ஒண்ணு அங்க ஒண்ணு வரும். இது இன்னாடா, பத்திரிகை வெச்சு கூப்புட்ட மாரி எல்லாத்துக்கும் ஒரே நாள்ல வந்துகீது? எலுமிச்ச மரத்தடித் தட்டு மட்டும் ஏன் நல்லா கீது?"

"அதுக்கு எதிர்ப்புச் சக்தி ஜாஸ்தி."

"எல்லாம் ஒரே பாக்கெட்டு வெதைடா. டைரியக் குடு."

அவளே சத்தமாக வாசித்தாள். "ஞாயிறு. மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி. மாலை ஐந்தரைக்கு டேங்கைத் தண்ணீரில் ஒரு அலசு அலசி வைத்தேன். செவ்வாய். அதே டேங்கில் வேப்பெண்ணெய். மரத்தடித் தட்டுக்கு மட்டும் போதவில்லை."

டேங்கைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வேப்பெண்ணெயையும் மீறிக்கொண்டு களைக்கொல்லி நெடி அடித்தது.

"ஒரு அலசு!" என்றாள். "சோளத்துக்கு ஒண்ணும் ஆவாது. தக்காளிக்கு அதுல ஒரு சொட்டு போதும்டா, படுபாவி!"

வேலியோரம் ஏதோ சரசரத்தது. சவரியம்மா, காய்ந்த வெண்டைச் செடி ஒன்றைக் கையில் பிடித்தபடி. "அப்ப என் வெண்ட இன்னா பண்ணுச்சு தம்பி?"



சனிக்கிழமை முதல் பஸ்ஸில் என்னைக் கல்வராயன் மலைக்கு அனுப்பினார்கள். வெள்ளிமலைப் பக்கம் மூன்று நாற்றங்காலில் கெஞ்சி, மிச்சம் மீதி நாற்றுகளைச் சேர்த்து, கொண்டை ஊசி வளைவுகளில் மடியில் பெட்டியோடு இறங்கினேன். ("பொண்ணு அழைச்சிக்கினு வரமாரி வரீங்களே" என்றார் கண்டக்டர்.) நடவு நாலு நாள் தள்ளிப் போனது, ஆனால் நடந்தது. தக்காளியும் காய்த்தது; முதலில் பழுத்தது எலுமிச்சை மரத்தடித் தட்டுச் செடிதான். புகுந்த வீட்டார் வாயைத் திறக்கவில்லை. சவரியம்மாவுக்கு நாற்பது குழி தோண்டி, நாற்பது வெண்டை விதையும் நானே ஊன்றினேன். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணினார்.

இப்போது அக்கா ஒரு ஏக்கர் தக்காளி வைக்கிறாள். களைக்கொல்லிக்குத் தனி டேங்க், அதன் மேல் சிவப்புப் பெயின்டில் என் பெயர். எந்தச் செடியில் ஒரு இலை வாடினாலும் படம் எடுத்து எனக்கு அனுப்புவாள். என்ன நோய் என்று கேட்க மாட்டாள். படத்துக்குக் கீழே எப்போதும் ஒரே வரிதான்:

"டைரியப் பாத்து சொல்லு. ரெண்டு நாள் முன்னாடி நீ எங்க இருந்த?"