வலது காலைப் பற்றி அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் என் இடது காலும் சுகம். அங்கே மாமாவும் உன் இடது காலும் சுகம் என்று நம்புகிறேன். வலது காலைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இடுப்பில் பிடித்த வலி கெண்டைக்கால் வரை இறங்கி, மூன்று வாரமாக நீ கட்டிலை விட்டு எழுந்திருப்பதில்லை என்று மாமா போனில் சொன்னார். கேட்டதிலிருந்து எனக்குக் கத்திரி ஓடவில்லை. அப்பாவும் "ரெண்டு நாள் படுத்தா சரியாயிடும்"னுதான் படுத்தார். அப்புறம் சலூனில் அவர் நின்று நாம் பார்க்கவே இல்லை. அதே வலி எனக்கும் வந்தபோது, உண்மையைச் சொல்கிறேன், நடுங்கிப் போனேன். நேரில் வந்து சொல்லலாமென்றால், மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார என் கால் விடாது.

டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, முதுகிலிருந்து காலுக்கு ஓடுகிற நரம்பு அழுந்துகிறது, படுத்தே கிடக்காதே என்று சொல்லி, பயிற்சி சொல்லித் தருகிற பெண்ணிடம் அனுப்பினார். மல்லாந்து படுத்து, முழங்காலை மெல்ல நெஞ்சுப் பக்கம் இழுத்து, இருபது எண்ணி விட வேண்டும். "வலிக்கிற வரைக்கும் இல்ல சார், இழுக்கிற மாதிரி தெரியுற வரைக்கும்தான்" என்று எதிரில் படுத்துச் செய்து காட்டினாள். நான் சும்மா இருப்பேனா, கடையில் ஆளில்லாத போதெல்லாம் துண்டை விரித்துப் படுத்துவிட்டேன். ஒருநாள் ஷேவிங்குக்கு வந்த வாத்தியார், நாற்காலிக்குப் பின்னால் நீட்டிக் கிடந்த காலைப் பார்த்து, பாட்டில் தண்ணியை என் மூஞ்சியில கவுத்து, தெருவையே கூட்டிட்டார். "பயிற்சிங்க!"ன்னு கத்துறேன், யாரு கேக்குறா?

பத்து நாளாகியும் வலி அப்படியே. அந்தப் பெண்ணிடம் சண்டைக்குப் போனேன். செய்து காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"சார், வலி எந்தக் கால்ல?"

"வலது."

"தூக்கியிருக்கிறது?"

பார்த்தேன். இடது! நாற்பது வருஷமா கண்ணாடியைப் பார்த்தே வேலை செய்யுறவன் இல்லையா? எதிர்ல அவ வலது காலை மடக்கினதும், கண்ணாடி முன்னால நிக்கிற மாதிரியே நான் இடது காலை மடக்கிட்டேன்.

இப்போ ரெண்டு வாரமா சரியான காலுக்குச் செய்யுறேன். கெண்டைக்கால்ல இருந்த வலி தொடைக்கு ஏறிடுச்சு. அது குறையுறதுக்கு அடையாளமாம். அரை மணிக்கு ஒருதரம் தெருக்கோடி வரைக்கும் நடக்குறேன். பாதி வெட்டின தலையோட ஆளுங்க காத்திருக்காங்க, இருக்கட்டும்.

நீயும் முதலில் டாக்டரிடம் காட்டு. பிறகு செய்வதற்காக, நானே படம் வரைந்து, எந்தக் கால் என்று எழுதி, இத்துடன் வைத்திருக்கிறேன். எழுந்திரு அக்கா. அப்பா மாதிரி நீயும் படுத்துட்டா என்னால தாங்க முடியாது.

மாமாவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உன் பேச்சை ஒருநாளும் கேட்காத, என் பேச்சை நீ கேட்க வேண்டும் என்கிற தம்பி.

பி.கு.: கவரை ஒட்டும்போது வீட்டுக்காரி படங்களைப் பார்த்தாள். கடைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தே வரைந்ததால் எல்லாவற்றிலும் வலதும் இடதும் மாறிக் கிடக்கிறதாம். கிழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானே வர்றேன். பஸ்ஸில் உட்கார முடியாதுதான், நின்னுக்கிட்டே வர்றேன். நிக்கிறது நமக்குப் பழக்கம்தானே. தரையில் ரெண்டு பாய் விரிச்சு வைக்கச் சொல்லு. எதிரெதிரே வேண்டாம், பக்கத்துல பக்கத்துல.