காஜா பெராங் தாமரை

"இழு" என்றான் கருணாகரன்.

மேடைக்குப் பின்னாலிருந்து லாரி ஓட்டும் பொன்னுதுரை கயிற்றை இழுத்தான். தாமரை விரியவில்லை. மூங்கிலும் காகிதமுமாக எட்டு இதழ்களோடு, அடியில் பச்சைத் துணி சுற்றிய ஆளுயர மொட்டாகவே கம்மென்று நின்றது.

"உள்ள காத்து வரலைங்க" என்று மொட்டுக்குள்ளிருந்து சந்திரமதியின் குரல் வந்தது.

வாரக் கடைசியில் மலாயா சுதந்திரம் அடைகிறது. அன்று மாலை காஜா பெராங் தமிழர் சங்கத்தில் கலைவிழா. மேடை நடுவே தாமரை ஒவ்வோர் இதழாக விரிய, ஒவ்வோர் இதழுக்கும் ஓர் அபிநயம் பிடித்தபடி சந்திரமதி எழுந்து ஆட வேண்டும். பூ விரியாவிட்டால் ஆட்டமே இல்லை.

யோசனை கருணாகரனுடையது. அரசாங்க ஆபீசில் கட்டடப் படம் வரைகிறவன். தாமரையைச் செய்ய முன்வந்ததற்குக் கலை மட்டும் காரணமல்ல. சந்திரமதியைப் பெண் கேட்டு அவன் ஆள் அனுப்பியிருந்தான். அவளுடைய அப்பா நடராஜன்தான் சங்கத் தலைவர். அவர் அவனைக் கூப்பிட்டு, ஊரார் முன்னிலையிலேயே பதில் சொல்லிவிட்டார்.

"மொதல்ல பூ விரியட்டும் தம்பி. அப்புறம் பொண்ணு பேச்சு."

"எண்ணெய் போட்டா வந்துரும்லா அண்ணே" என்றான் பொன்னுதுரை.

கயிறு முழுக்கத் தேங்காயெண்ணெய் தடவினார்கள். பொன்னுதுரை மூச்சைப் பிடித்து இழுத்தான். கயிறு வழுக்கியது. அவன் பின்னாலேயே ஓடிப்போய் மிருதங்கத்தின் மேல் உட்கார்ந்தான். மிருதங்கம் ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு அடங்கியது.

நடராஜன் கிழிந்த தோலைத் தூக்கிப் பார்த்தார். "இதுக்கு நான் வழி பண்றேன். பூவுக்கு நீங்க வழி பண்ணுங்க."

மறுநாள் கருணாகரன் கிளேபாங் மீனவர்களிடம் கெஞ்சி, படகில் வலை இழுக்கும் கப்பி ஒன்றை வாங்கி வந்து உத்தரத்தில் மாட்டினான். நாலைந்து பேர் சேர்ந்து இழுத்தார்கள். இதழ் அசையவில்லை. அடிப்பலகையோடு முழுத் தாமரையும் தரையைவிட்டுக் கிளம்பியது.

"என்னை எங்க கொண்டு போறீங்க?" என்றாள் சந்திரமதி.

"பத்து பெரெண்டாம்ல எறக்கி விட்டுருவோம் தங்கச்சி. பிளேன்லாம் அங்கதான் எறங்குது" என்றான் பொன்னுதுரை.

எல்லாருக்கும் குடிக்கச் சுடச்சுடக் கொப்பி கொண்டு வந்த நடராஜனின் மனைவி கமலவேணி, அந்தரத்தில் ஆடிய மகளைப் பார்த்துத் தட்டோடு நின்றுவிட்டார்.

"விரியச் சொன்னேன் தம்பி. பறக்கச் சொல்லல" என்றார் நடராஜன்.

தாமரையை மேடையோடு சேர்த்து ஆணி அடித்தான் கருணாகரன். விழா நாளன்று ஒவ்வோர் இதழுக்கும் உள்ளே ஒரு லாரி ஸ்பிரிங் வைத்துப் பார்த்தான். இதழ்கள் நடுங்கின, பூனைச் சண்டைபோலக் கிறீச்சிட்டன, விரியவில்லை. இப்போது மொட்டுக்குக் குளிர் ஜுரமும் வந்த மாதிரி ஆகிவிட்டது.

வெளியே நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன.

"நானே உள்ள வர்றேன். கையால தள்ளிர்றேன்" என்றான் சந்திரமதியிடம்.

"அப்பா பாத்துட்டா?"

"விரிஞ்சா பாக்கட்டும். விரியலன்னா நான் உள்ள இருக்கறதே தெரியாது."

பின்பக்கச் சின்னக் கதவு வழியாக இருவரும் புகுந்துகொண்டார்கள். திரை விலகியது. புது மிருதங்கம் முழங்கியது. பொன்னுதுரை இழுத்தான். மொட்டின் உச்சி மட்டும் கொஞ்சம் வாய் திறந்தது. சந்திரமதி அதில் தலையையும் கைகளையும் நீட்டி அபிநயம் பிடித்தாள். கருணாகரன் அவளுக்குப் பின்னால் சுத்தியலோடு குந்தியபடி, இடுக்கில் கைகளைவிட்டு இதழ்களை நெம்பினான்.

சபை எழுந்து நின்றது. தாமரைக்கு நடுவே ஒரு முகம், நாலு கை.

"மகாலட்சுமி" என்று முன்வரிசையில் யாரோ கும்பிட்டார்கள்.

"சரி, கையில எதுக்கு சுத்தியல்?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"புது நாட்ட கட்டணும்ல?"

சந்திரமதி கெட்டிக்காரி. பின்கைகள் இடப்பக்கம் நெம்பினால் முன்கைகளை வலப்பக்கம் வீசினாள். அவன் வியர்வையைத் துடைத்தால் அவள் வணக்கம் வைத்தாள். கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

திரை விழுந்ததும் கருணாகரன் கசங்கிப்போய்ச் சின்னக் கதவு வழியாக வெளியே தவழ்ந்து வந்தான். எதிரே நடராஜன்.

"ஆட்டம் பிரமாதம். ஊரே பேசுது" என்றார் அவர். "ஆனா பூ விரியல தம்பி. நான் சொன்ன சொல்லு சொல்லுதான்."

கருணாகரன் தலையைத் தொங்கப்போட்டான். "அது ஏன் விரியலன்னு மட்டும் எனக்குப் புரியவே இல்லீங்க ஐயா. எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன்."

கமலவேணி கொப்பித் தட்டைக் கீழே வைத்தார்.

"கண்ணு படும்னு பூவ செஞ்சு வெச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும், அதான் அடியில பச்சைத் துணிக்குள்ள எட்டு எதழையும் சேத்து இறுக்கமா கறுப்புக் கயிறு கட்டினேன், அப்பவும் விரியலையேன்னு தெனம் ஒரு சுத்து கூடவே கட்டினேன், நம்ம மாப்பிள்ளை செஞ்ச பூவாச்சே, சும்மா விட முடியுமா?"