தாம்பரத்தை ஆண்ட இங்கிலாந்து மகாராணி

தாம்பரத்தைப் பல்லவர் ஆண்டார்கள், சோழர் ஆண்டார்கள், வெள்ளைக்காரர் ஆண்டார்கள் என்று படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். என் கண்ணால் பார்க்கத் தாம்பரத்தை ஆண்டவர் ஒருவர்தான். கிழக்குத் தாம்பரத்தில் நான் சமைத்துப் போட்ட லேடீஸ் ஹாஸ்டலின் வார்டன். முகத்துக்கு எதிரே அவர் "மேடம்." முதுகுக்குப் பின்னால் "மகாராணி." பின்னால் சொன்னது காதில் விழுந்துவிட்டால் அன்றைக்கு முழுக்க அவருக்கு வாயெல்லாம் பல்.

நான் கோவளத்துப் பக்கம் மீன்காரர் குப்பத்தில் பிறந்தவள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். ஆனால் நானூறு வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்து அரண்மனையில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் யாருக்குக் குழி பறித்தார்கள் என்று என்னைக் கேளுங்கள். அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நிதானமாகச் சொல்கிறேன்.

எல்லாம் மேடம் கொடுத்த பிச்சை. அவர் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். சரித்திரத்தில் எத்தனையோ ராஜாக்கள் உண்டு. மேடத்தின் மனசு போய் ஒட்டிக்கொண்டது கல்யாணமே வேண்டாம் என்று தனியாளாக இங்கிலாந்தை ஆண்ட ராணியிடம். மேடமும் கல்யாணம் செய்துகொள்ளாதவர். "அவளுக்கு ஒரு நாடு, எனக்கு ஒரு ஹாஸ்டல். ரெண்டுலயும் தொல்லை ஒண்ணுதான்" என்பார்.

அந்த ராணியின் படம் ஒன்று ஆபீஸ் அறையில் மாட்டியிருக்கும். கழுத்தைச் சுற்றி இடியாப்பத் தட்டு மாதிரி மடிப்பு மடிப்பாக வெள்ளைத் துணி. மேடத்துக்குக் கழுத்து எலும்பு தேய்ந்து டாக்டர் ஒரு பட்டை போடச் சொன்னபோது, வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். மேடம் தலையணை உறையின் லேஸைப் பிரித்து அந்தப் பட்டையைச் சுற்றித் தைத்துப் போட்டுக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார். தலையைத் திருப்ப முடியாது. யாரைப் பார்க்க வேண்டுமானாலும் மொத்த உடம்போடுதான் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பலைப் பார்த்தே பாதிப் பெண்கள் தப்பை ஒப்புக்கொண்டுவிடுவார்கள்.

பெண்கள் இருபது பேருக்கு மேல். துணிக் கம்பெனிக்குப் போகிறவர்கள், போனில் வெள்ளைக்காரனுக்குப் பதில் சொல்கிற வேலைக்குப் போகிறவர்கள், நர்சுகள். யார் மேடத்தின் கையருகே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது வாரத்துக்கு வாரம் மாறும். இந்த வாரம் வலது கைப் பக்கம் உட்கார்ந்தவள் அடுத்த வாரம் கை கழுவும் தொட்டிப் பக்கம் போய்விடுவாள். பெரிய தப்பு செய்தவளுக்குக் "கோபுரம்." ராணி காலத்தில் பெரிய மனுஷர்களைக் கோபுரத்தில் அடைத்துத் தலையை வாங்குவார்களாம். எங்களுக்கு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்த சின்ன அறை. தலையை வாங்குவதில்லை; டி.வி. பார்ப்பதை வாங்கிக்கொள்வார்.

ஹாஸ்டலில் கக்கூஸ் கழுவ சின்னப்பொண்ணு என்று ஒருத்தி வருவாள். அவள் நடந்து போனால் சில பெண்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒதுங்குவார்கள். ஒருநாள் மேடம் அதைப் பார்த்துவிட்டார். அன்று சாப்பாட்டு நேரத்தில் மொத்த உடம்போடு திரும்பினார்.

"ராணியோட அப்பா ஆறு கல்யாணம் பண்ணவர். அவர் அரண்மனையில பெரிய பெரிய பிரபுக்கள் எல்லாம் அடிச்சுக்கிட்ட போஸ்ட் எது தெரியுமா?"

"மந்திரியா மேடம்?"

"ராஜா கக்கூஸ் போறப்போ கூட நின்னு பாத்துக்கிற போஸ்ட். ராஜா தனியா இருக்கிற ஒரே நேரம் அதுதான். அவர் காதுல ரகசியமாப் பேச அந்த ஆளுக்கு மட்டும்தான் சான்ஸ். மந்திரியே அவன்கிட்ட வந்து நிப்பான். இன்னையிலேர்ந்து நம்ம ஹாஸ்டல்ல அந்த போஸ்ட் சின்னப்பொண்ணுக்கு. லேட்டா வர பர்மிஷன் வேணும்னா அவகிட்ட சொல்லுங்க. அவ என்கிட்ட சொல்லுவா."

மறுநாளே ஹாஸ்டல் தலைகீழாகிவிட்டது. நேற்று மூக்கைச் சுளித்தவள் இன்றைக்குச் சாக்லேட்டோடு குளியலறை வாசலில் நின்றாள். சின்னப்பொண்ணு துடைப்பத்தைச் செங்கோல் மாதிரி ஊன்றிக்கொண்டு சொன்னாள்:

"இன்னா பாப்பா, சினிமாவுக்கா? மேடம் காலைலேர்ந்து சூடா கீறாங்கோ. நீ போய்ட்டு சாய்ங்காலம் வா. நேரம் பாத்து காதுல போடறேன்."

எனக்குக் கிடைத்த பதவிதான் எனக்குப் பொறுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில், எல்லோரும் தட்டோடு காத்திருக்கும்போது மேடம் என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார்.

"அஞ்சலை, நீ முதல்ல சாப்பிடு. விஷம் இருக்கா பாக்கணும்."

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன். "இன்னா மேடம் பேசறீங்கோ? என் கையில விசமா? எங்க குப்பத்துல போய்க் கேளுங்கோ, இந்தக் கைக் குழம்புக்குப் பக்கத்துக் குப்பத்துக்காரன் சண்டையை நிறுத்திக்கினு வருவான்!"

"உன்மேல சந்தேகம் இல்ல. இது முறை. ராணிக்குத் தட்டு தூக்கிட்டு வர்றவங்க வாயிலதான் முதல் வாய். நம்பிக்கையான ஆளுக்குத்தான் அந்த போஸ்ட்டே குடுப்பாங்க."

நம்பிக்கையான ஆள் என்றதும் நான் கொஞ்சம் இறங்கி வந்தேன். "செரி, ஒரு வாய் தானே?"

"ஒரு வாயில தெரியாது. சில விஷம் மெதுவா வேலை செய்யும். முழுசா சாப்பிடு."

தட்டு நிறையச் சோறு, குழம்பு, பொரியல், மோர். அப்பளத்தையும் எடுத்து வைத்தார்.

"அப்பளத்துல எவன் மேடம் விசம் வெப்பான்?"

"அதுலதான் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. கடி."

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. அத்தனை பேரும் வெறுந்தட்டோடு பார்த்துக்கொண்டிருக்க, நான் முழுச் சாப்பாடும் சாப்பிட்டு முடித்து, "சாப்பிடலாம்மா" என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் மேடம் கை வைப்பார். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு, ஏன் பொய் சொல்ல வேண்டும், நானும் சாய்ந்து உட்கார்ந்து நிதானமாகவே சாப்பிட ஆரம்பித்தேன்.

இப்படி ராஜ்யம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பங்குனியிலேயே போர்வெல் குழாய் வெறும் காற்றை இழுத்தது. கோபுரத்துத் தொட்டி காய்ந்து, தட்டினால் உடுக்கை மாதிரி சத்தம் போட்டது. கட்டடத்துக்குச் சொந்தக்காரர் மாடம்பாக்கத்தில் இருந்தார். மேடம் அவருக்கு வைத்திருந்த பெயர் "மாடம்பாக்கம் டியூக்." டியூக் என்றால் பெரிய பிரபுவாம். டியூக் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"டீச்சர்மா, லாரித் தண்ணி நமக்குக் கட்டுப்படி ஆவாது. மாசக் கடைசில காலி பண்ணிக் குட்த்துடுங்கோ. குடோனுக்குக் கேட்டுக்கினு கீறாங்கோ. மூட்டைங்க குளிக்கணும்னு கேக்காது பாருங்கோ."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் அலைந்து திரிந்தாவது வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு அடுப்படியை ஒட்டின அறையைத் தவிர வேறு வீடு இல்லை. மேடத்துக்கு வடக்கே எங்கேயோ ஒரு தம்பி இருந்தார். அங்கே போகலாம். ஆனால் அந்த வீட்டில் மேடம் வெறும் அத்தை. மகாராணியாக இருக்க முடியாது.

அன்று முழுக்க மேடம் ஆபீஸ் அறையில் ராணி படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மறுநாள் லேஸ் பட்டையைத் துவைத்துக் கஞ்சி போட்டு மாட்டிக்கொண்டு வந்தார்.

"கோடைக்காலம் வந்தா ராணி அரண்மனையில இருக்க மாட்டா. மொத்தப் பரிவாரத்தையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடுவா. ஒவ்வொரு பிரபு வீட்டுலயும் போய் இறங்குவா. ராணியே வீடு தேடி வந்துட்டான்னு அவனுக்குப் பெருமை; வாயைத் திறந்து போன்னு சொல்ல முடியாது. அவன் வீட்டு ஆடு, கோழி எல்லாம் காலி ஆகிற வரைக்கும் இருந்துட்டு அடுத்த பிரபு வீட்டுக்குப் போவா."

"இதுக்கு எதுக்கு மேடம் இங்கிலாந்து?" என்றேன். "எங்க நாத்தனா வருசா வருசம் பண்றாளே!"

ஞாயிற்றுக்கிழமை காலை பரிவாரம் கிளம்பியது. ஆளுக்கொரு பக்கெட், அழுக்குத் துணி மூட்டை, சோப்பு. சின்னப்பொண்ணும் கூட வந்தாள். நான் என் கரண்டியை எடுத்துக்கொண்டேன். அடுத்தவர் வீட்டுக் கரண்டியை நான் நம்புவதில்லை. மாடம்பாக்கம் பஸ்ஸில் கண்டக்டர் மலைத்துப்போனார்.

"இன்னாம்மா, எந்தக் கோயில்ல கும்பாபிஷேகம்? இம்மாம் பக்கெட்டு!"

"மகாராணி டியூக் வீட்டுக்கு விஜயம் பண்றா" என்றார் மேடம்.

"பண்ணட்டும். மகாராணிக்கு டிக்கெட் யார் எடுக்கறது?"

டியூக் லுங்கியோடு, வாயில் பிரஷ்ஷோடு வாசலில் நின்றார். எங்களைப் பார்த்ததும் நுரையை விழுங்கிவிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் மேடம் அவரைத் தாண்டிப் போய், பின்னால் வந்த அவர் மனைவி கையில் பழம், வெற்றிலை, பூ கொடுத்தார். பூவும் பழமுமாக வந்தவர்களை எந்த வீட்டுப் பெண் வாசலில் நிற்க வைப்பாள்? "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்றார் அந்த அம்மா. அந்த ஒரு வார்த்தையில் கோட்டை விழுந்துவிட்டது.

ஏரிப் பக்கத்துக் கிணறு. தண்ணீர் கற்கண்டு மாதிரி. பெண்கள் குளித்தார்கள், துவைத்தார்கள், கொடிகள் போதாமல் டியூக்கின் மோட்டார் சைக்கிள் மேலும் காயப் போட்டார்கள். டியூக் தன் வீட்டிலேயே ஒளிய இடம் தேடிக்கொண்டிருந்தார். அந்த அம்மா சலிக்கவே இல்லை. பெரிய குண்டானில் நெத்திலிக் குழம்பு வைத்தார். விருந்தாளி அடுப்படிக்கு வரக்கூடாது என்று என்னை உள்ளே விடவில்லை.

இலை போட்டாயிற்று. சோறு விழுந்தது. மேடம் கை வைக்கவில்லை.

"அஞ்சலை, முதல்ல நீ."

"ஏன், நீங்க சாப்ட மாட்டீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

ஒரு துடுக்குப் பெண் முந்திக்கொண்டாள். "விஷம் இருக்கான்னு பாக்க ஆன்ட்டி! அஞ்சலைக்கா சாப்ட்டு உயிரோட இருந்தாதான் மேடம் சாப்பிடுவாங்க."

அந்த அம்மா முகம் கறுத்துப்போனது. கரண்டி குண்டானுக்குள் விழுந்தது. "வூடு தேடி வந்தவங்களுக்கு விசம் வெக்கிற வூடா இது? காலைலேர்ந்து கால் கடுக்க நின்னு சமைச்சிருக்கேன்!"

மேடம் திரும்பினார், மொத்த உடம்போடு. ஆனால் முதல் தடவையாக அந்தத் திரும்பல் பலிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் டியூக் நிமிர்ந்து நிற்பது தெரிந்தது. போச்சு, ஹாஸ்டலில் இனி மூட்டைகள்தான் என்று நினைத்தேன்.

என்ன செய்வது? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். இலை முன்னால் உட்கார்ந்து ஒரு கவளம் பிசைந்து வாயில் போட்டேன். கடற்கரையில் பிறந்தவள் நான். அடுத்தவர் வைத்த மீன் குழம்பைச் சுலபத்தில் நல்லது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் குழம்பு! மொத்த வீடும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னேன்:

"இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து தாயி. மொத கரண்டில விசம் தெரியல."

குண்டானுக்குள் கிடந்த கரண்டி மேலே வந்தது. பிறகு அந்த அம்மா சிரித்தார் பாருங்கள், முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கதவுக்குப் பின்னாலும் சிரிப்புச் சத்தம். அந்த அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்து தன் கையால் எனக்கு ஊற்றினார். ஒரு பெரிய வீட்டில், அத்தனை படித்த பெண்கள் பசியோடு காத்திருக்க, எனக்கு முதல் பந்தி. நான் அவசரப்படவே இல்லை. கை கழுவிவிட்டு, "சாப்பிடலாம்மா" என்றேன்.

சாப்பாடு முடிந்ததும் அந்த அம்மா மேடத்தைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய் ஏதோ கேட்டார். மேடம் மெதுவாக ஏதோ சொன்னார். இரண்டு பேரும் என் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு அந்த அம்மா நேராக வீட்டுக்காரர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சின்னப்பொண்ணு என் விலாவில் இடித்தாள். "பாத்தியாக்கா, இந்த வூட்ல என் போஸ்ட்டு அந்த அம்மாவோடது!"

கதவு திறந்ததும் டியூக் வெளியே வந்து தொண்டையைக் கனைத்தார். "நாளைக்கே லாரி வரும் டீச்சர்மா. குடோன்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன். மூட்டையை எங்கனாலும் அடுக்கிக்கட்டும்."

மேடம் என் கரண்டியை வாங்கி, அவரை மண்டியிடச் சொல்லி, இரண்டு தோளிலும் தொட்டு அப்போதே அவரை முறைப்படி டியூக் ஆக்கினார். மண்டியிட்டவருக்கு மூட்டு வலி. எழுப்புவதற்கு இரண்டு நர்சுகள் தேவைப்பட்டார்கள். ஆனாலும் மனுஷர் முகத்தில் அத்தனை பெருமை. அதற்கப்புறம் வாடகை வாங்க வரும்போதெல்லாம் "டியூக் வந்துருக்கேன்" என்றுதான் குரல் கொடுப்பார்.

மேடம் கடைசி வரை அந்த ஹாஸ்டலை விட்டுப் போகவில்லை. மகாராணியாகவே இருந்து மகாராணியாகவே போனார். மேடம் கண்ணை மூடிய அன்றைக்கு மாடம்பாக்கத்து அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, கிணற்றடியில் மேடம் சொன்னதைச் சொன்னார்.

"சேர்ந்த புதுசுல அஞ்சலை எல்லாருக்கும் போட்டுட்டு, மிச்சம் இருந்தா தின்னுட்டு, இல்லாட்டி தண்ணியைக் குடிச்சிட்டு படுத்துக்குவா. கேட்டா சாப்ட்டேன்னு சொல்லுவா. ரொம்ப ரோஷக்காரி, நான் முதல்ல சாப்பிடுன்னு சொன்னா கேக்க மாட்டா. அதான் விஷத்து மேல பழியைப் போட்டேன்."

ரோஷக்காரிதான். இல்லை என்று சொல்லவில்லை.

இப்போதும் சோறு வடித்து இறக்கியதும் முதல் தட்டு எனக்குத்தான் போட்டுக்கொள்கிறேன். அப்பளம் முதற்கொண்டு முழுசாகச் சாப்பிடுகிறேன். சாப்பிட்டு முடித்து, எதிரே காலியாக இருக்கும் நாற்காலியைப் பார்த்து, "சாப்பிடலாம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைக் கூப்பிடுகிறேன்.